பொலிஸ் அழைத்த ட்ரோனும் வானத்தின் அனுமதியும்

சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாத இரவொன்றில், ரொறன்ரோவுக்கு வெளியே ஓர் ஓடைப்பள்ளத்தின் விளிம்பில், ட்ரோனைத் தரையில் ஆயத்தமாக வைத்துவிட்டு, அதை ஏற்றாமல் 22 நிமிடங்கள் நின்றேன். மறதிநோய் உள்ள 78 வயது முதியவர் ஒருவர் பின்னேரம் 4 மணிக்கு வீட்டிலிருந்து இறங்கி நடந்தவர், திரும்பி வரவில்லை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் சேர்ந்திருக்கும் தன்னார்வத் தேடுதல் குழுவைப் பொலிஸார் அழைத்திருந்தார்கள். வெப்பக் கமரா பொருத்திய ட்ரோன் என்னிடம் இருந்தது, பற்றரிகள் நிறைந்திருந்தன, காற்றும் அடங்கியிருந்தது. முதியவரின் மகன் என் மேற்சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, "அண்ணை, எல்லாம் சரியெண்டால் ஏன் இன்னும் மேலை விடேல்லை?" என்று கேட்டார். அனுமதிக்காகக் காத்திருக்கிறேன் என்றேன். சற்றுத் தள்ளி நின்ற பொலிஸ் அதிகாரியைக் காட்டி, "அவைதானே உங்களைக் கூப்பிட்டவை, பிறகு ஆரிட்டை அனுமதி?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் இரண்டு வசனங்களுக்கு மேல் இல்லை. தகப்பனைத் தேடி நிற்பவரிடம் வான் போக்குவரத்து விதிகளை விளக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது நியாயமான கேள்வி. பொலிஸாருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் தேடுதல் குழுக்களுக்கும் ட்ரோன் இயக்குபவர்கள் பலர், வெளியே சொல்லாவிட்டாலும், மனத்துக்குள் அதே கேள்வியைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே அதற்கான முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நிலத்தில் அந்த இரவின் பொறுப்பு பொலிஸ் அதிகாரியுடையது. எந்தப் பாதையை மூடுவது, எந்தக் குழு எந்தப் பக்கம் இறங்குவது, எப்போது தேடுதலை நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தன. ஆனால் அந்த ஓடைப்பள்ளம் ஒரு விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் இருந்தது. கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளியில் ட்ரோன் பறப்பதற்கான அனுமதியைத் தருவது நாவ் கனடா என்ற வான்வழிச் சேவை நிறுவனம். 2019 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, 250 கிராம் முதல் 25 கிலோகிராம் வரை எடையுள்ள ட்ரோன் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய வான்வெளியில் அதை இயக்குபவர் உயர்நிலைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வுடன், ஒரு மதிப்பீட்டாளர் முன்னிலையில் பறத்திக் காட்டும் தேர்வும் உண்டு. இவை எல்லாம் இருந்தாலும் ஒவ்வொரு பறப்புக்கும் இடமும் நேரமும் உயரமும் குறித்துத் தனி அனுமதி கேட்க வேண்டும். பொலிஸ் சீருடை அணிந்தவர் இயக்கினாலும் இதுதான் நடைமுறை. சட்டம் காக்கும் பணி என்பதால் வானத்தின் சட்டம் தானாக விலகி நிற்பதில்லை.

விலக்குகள் இல்லாமலும் இல்லை, ஆனால் அவை மக்கள் நினைப்பதைவிட மிகவும் குறுகியவை. அவசர நிலையொன்றில் பொது அதிகாரிகள் பாதுகாப்பு எல்லை ஒன்றை வகுத்தால், அதற்குள்ளோ அதற்கு மேலாகவோ ட்ரோன் பறக்கக் கூடாது. உயிர்காக்கும் பணிக்கும், பொலிஸ் நடவடிக்கைக்கும், தீயணைப்புக்கும், பொது அதிகார அமைப்பொன்றின் சேவையில் நடக்கும் பிற பணிகளுக்கும் மட்டும் இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அன்று அந்த மஞ்சள் நாடாவுக்குள் நின்று ட்ரோனை ஏற்ற எனக்கு உரிமை தந்தது அந்த விலக்குத்தான். ஆனால் அது விலக்குவது பாதுகாப்பு எல்லை பற்றிய தடையை மட்டுமே. கட்டுப்பாட்டு வலயத்துக்கான அனுமதியை அது தருவதில்லை, உயர வரம்பை உயர்த்துவதில்லை, ட்ரோனைக் கண்பார்வைக்குள் வைத்திருக்கும் கடமையை நீக்குவதுமில்லை. ஒரு கதவு திறந்திருப்பதைக் கண்டு மற்றக் கதவுகளும் திறந்திருக்கின்றன என்று எண்ணுவதே இந்தத் துறையில் நான் அதிகம் கண்ட பிழை. நானும் அதைச் செய்திருக்கிறேன்; அதைப் பிறகு சொல்கிறேன்.

ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் நகரில் வாழும் தமிழர்களில் பலர் பற்றன்வில் விமான நிலையத்தை நினைவில் வைத்திருப்பார்கள். 404 நெடுஞ்சாலையில் போகும்போது சிறிய செஸ்னா விமானங்கள் தாழ்வாக இறங்குவதைப் பிள்ளைகள் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். 2023 நவம்பரில் அது மூடப்பட்டது. அங்கே 2021 ஆகஸ்ட் 10 அன்று மதியம் 1 மணியளவில், பயிற்சி பெறும் மாணவர் ஒருவரும் பயிற்சியாளரும் இருந்த செஸ்னா 172 ரக விமானம் ஓடுபாதை 15இல் தரையிறங்குவதற்காக இறுதி நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தது. அதே பாதையில், தரையிலிருந்து 400 அடி உயரத்தில், யோர்க் பிராந்தியப் பொலிஸாரின் ட்ரோன் ஒன்று ஒரு பொலிஸ் நடவடிக்கைக்கு உதவியாக அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இரண்டும் மோதின. விமானத்தில் இருந்தவர்கள் பறவை ஒன்று மோதியதாகவே எண்ணி, பாதுகாப்பாகத் தரையிறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் விமானத்தின் முன்பக்கம் பலமாகச் சேதமடைந்திருப்பதைக் கண்டார்கள். ட்ரோன் நொறுங்கிப் போயிற்று. ஒருவருக்கும் காயம் இல்லை.

கனடாப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அந்த மோதலை விசாரித்து வெளியிட்ட அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் படிக்கச் சொல்லுகிறேன். ட்ரோனை இயக்கியவர் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய அளவுக்கு மேற்பட்ட வேலைகளில் மூழ்கியிருந்தார் என்றும், அதனால் ட்ரோனைக் கண்ணால் கவனிக்கவோ, வலயத்தின் வானொலி அலைவரிசையில் வந்த அழைப்புகளைக் காதில் வாங்கவோ இயலாதிருந்தார் என்றும் அது கூறுகிறது. அவருக்குத் துணையாக வானத்தைக் கவனிக்க வேண்டியவர் அந்தப் பொறுப்புக்கு உரிய பயிற்சி பெற்றிருக்கவில்லை. செஸ்னாவில் இருந்த இருவரும் ட்ரோனைக் காணவில்லை. எதிரே வரும் சிறிய, அசையாத பொருளொன்றை விமானியின் கண் பிரித்தறிவது மிகக் கடினம். அசைவைத்தான் நம் கண் முதலில் பிடிக்கிறது.

இந்த அறிக்கை என்னை மாற்றியதற்குக் காரணம் உண்டு. அனுமதி என்பதை அதுவரை நான் ஒரு தாளாகவே நினைத்து வந்தேன்: கேட்டால் காட்டுவதற்கும், தண்டத்திலிருந்து தப்புவதற்கும் உரிய ஒரு தாள். பற்றன்வில் மோதலைப் படித்த பிறகு அதை ஒரு செய்தியாக நினைக்கத் தொடங்கினேன். நான் காணாத, என்னைக் காணாத ஒரு விமானிக்கு, "இந்த இடத்தில், இந்த உயரத்தில், இந்த நேரத்தில் ஒரு பொருள் நிற்கும்" என்ற செய்தி போய்ச் சேர்வதற்கான வழி அது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் அதை அறிந்தால் விமானியை விலக்குவார், அல்லது என்னை இறங்கச் சொல்வார், அல்லது எனக்கு அனுமதி மறுப்பார். மூன்றில் எது நடந்தாலும் அந்த மாணவ விமானியின் முகத்துக்கு நேரே நான் நிற்க மாட்டேன். தேடப்படும் முதியவரின் உயிர் எவ்வளவு பெரிதோ, எதுவும் அறியாமல் இறங்கிவரும் அந்த மாணவரின் உயிரும் அவ்வளவு பெரிது. அனுமதியைத் தவிர்த்து நான் சேமிக்கும் நிமிடங்கள் அவருடைய கணக்கிலிருந்து எடுக்கப்படுபவை.

இனி என் பிழை. அந்த மார்ச் இரவுக்கு 2 ஆண்டுகள் முன்பு, வசந்தகால வெள்ளத்தின்போது, ஆற்றங்கரை வீடுகள் எவ்வளவு தூரம் மூழ்கியிருக்கின்றன என்று பார்க்கத் தீயணைப்புப் படையொன்று எங்கள் குழுவை அழைத்திருந்தது. அந்த இடமும் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் இருந்தது. 100 அடி வரை பறக்க முறையாக அனுமதி பெற்றிருந்தேன். அரை மணி நேரம் அந்த உயரத்திலேயே வேலை நடந்தது. பிறகு, ஆறு வளையும் இடத்துக்கு அப்பால் யாரேனும் கூரையில் நிற்கிறார்களா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் மேலே போக முடியுமா என்று என் அருகில் நின்ற அதிகாரி கேட்டார். அவர் கேட்டதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு 250 அடிக்கு ஏற்றி, ஏறக்குறைய 4 நிமிடங்கள் அங்கே வைத்திருந்தேன். கூரையில் எவரும் இல்லை. விமானம் எதுவும் வரவில்லை. அன்றிரவு பறப்புப் பதிவேட்டை எழுத உட்கார்ந்தபோதுதான், செய்த காரியம் எண்ணாக முன்னால் நின்றது. குழுத் தலைவரிடம் சொன்னேன். 3 மாதங்கள் ட்ரோன் இயக்குவதிலிருந்து என்னை நிறுத்தி வைத்தார்கள். அது சரியான முடிவு என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்.

அந்த 4 நிமிடங்களைப் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். விதியை மீறுகிறேன் என்ற உணர்வே அப்போது எனக்கு வரவில்லை. அனுமதி ஏற்கனவே இருந்தது, கேட்டவர் ஓர் அதிகாரி, காரணம் நல்ல காரணம். அனுமதியே இல்லாமல் பறக்கச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். பெற்ற அனுமதியின் விளிம்பைத் தாண்டும்போதுதான் மனம் எச்சரிக்கவில்லை. பொதுப் பாதுகாப்புப் பணியில் எல்லை மீறல் பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது என்று நினைக்கிறேன். இன்னும் 50 அடி, இன்னும் ஒரு தெரு, இன்னும் 10 நிமிடம் என்று அது நல்ல மனிதர்களின் வாய் வழியாக வருகிறது.

நல்லெண்ணம்கூட இல்லாமல் வெறும் ஆவலால் நிகழ்வதும் உண்டு. 2025 ஜனவரி 9 அன்று லொஸ் ஏஞ்சலிஸின் பலிசேட்ஸ் காட்டுத்தீயை அணைக்கப் போயிருந்த, கியூபெக் மாகாணத்தின் நீர் அள்ளும் விமானமொன்றின் இறக்கையில், தடைசெய்யப்பட்ட வான்வெளிக்குள் புகுந்த தனியார் ட்ரோன் ஒன்று மோதித் துளையிட்டது. தீ எரிந்துகொண்டிருந்த நாட்களில் அந்த விமானம் பழுதுபார்ப்புக்காகத் தரையில் நின்றது. ட்ரோனை ஏற்றியவர் 2,500 மீற்றருக்கும் அப்பால் அதைச் செலுத்தி, பார்வையிலிருந்து இழந்திருந்தார். கனடாவில் காட்டுத்தீப் பகுதியிலிருந்து 5 கடல் மைலுக்குள் பறக்கத் தடை இருப்பது இத்தகைய காரணத்தால்தான். உதவி செய்ய வேண்டும் என்ற துடிப்புடன் தானாகவே ட்ரோனை எடுத்துக்கொண்டு தீயை நோக்கிப் போகும் இளைஞர்களை எனக்குத் தெரியும். தம்பிமாரே, அழைக்கப்படாமல் போகாதீர்கள். அழைக்கப்பட்டாலும், வான் அனுமதியை யார் பெற்றிருக்கிறார்கள் என்று கேட்டு உறுதி செய்யாமல் ஏற்றாதீர்கள்.

வானத்துக்கான அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. ட்ரோன் பறப்பது ஒரு சட்டம், அதன் கமரா பார்ப்பது வேறு சட்டம். நாவ் கனடாவின் அனுமதி என் ட்ரோன் பிற விமானங்களுக்கு இடையூறாக இருக்காது என்பதை மட்டுமே பொருட்படுத்துகிறது. யாருடைய முற்றத்தை நான் பார்க்கிறேன் என்பது அதன் கவலை அல்ல. அதைக் கேட்பது கனேடிய உரிமைகள் சாசனத்தின் 8ஆம் பிரிவு. நியாயமற்ற தேடுதலுக்கும் கைப்பற்றலுக்கும் எதிரான பாதுகாப்பை ஒவ்வொருவருக்கும் அது தருகிறது. பொலிஸார் கேட்டு நான் பறத்தினால், தன்னார்வத் தொண்டன் என்று சொல்லி நான் தள்ளி நிற்க முடியாது. அந்த வேளையில் நான் அரசின் கையாக மாறக்கூடும்.

வெப்பக் கமரா பற்றிய முதன்மையான வழக்கு ட்ரோன்கள் பரவுவதற்கு முன்பே வந்தது. 1999இல் கனடாவின் மத்திய பொலிஸ் படையான ஆர்.சி.எம்.பியினர் ஒன்ராறியோவில் ஒரு வீட்டின் மேலாக விமானத்தில் பறந்து, வெப்பக் கமராவால் வீட்டின் வெப்ப வெளிப்பாட்டைப் படமெடுத்தார்கள். நீதிமன்றத்தின் தேடுதல் ஆணை பெறாமல் எடுத்தார்கள். 2004இல் டெஸ்லிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தக் கருவி அப்போது காட்டிய அளவு தகவல் 8ஆம் பிரிவை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு 3 ஆண்டுகள் முன்பு அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைலோ வழக்கில், தெருவிலிருந்து வீட்டை நோக்கிய வெப்பக் கமராவுக்கும் தேடுதல் ஆணை வேண்டும் என்று நேர்மாறாகத் தீர்த்திருந்தது. டெஸ்லிங் தீர்ப்பைக் காட்டி வெப்பக் கமராவுக்கு எல்லையே இல்லை என்று வாதிடுபவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் தீர்ப்பின் பாதியை விட்டுவிடுகிறார்கள். கருவியின் அன்றைய ஆற்றலை வைத்தே நீதிமன்றம் முடிவெடுத்தது. நுட்பம் வளர்ந்தால் கேள்வி மீண்டும் எழும் என்பதையும் ஏற்றுக்கொண்டது. அன்றைய படம் வீட்டின் சுவர்களில் வெப்பம் எங்கே கூடுதல் என்று மங்கலாகக் காட்டியது. இன்று என் கமரா முற்றத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கை அசைவைக் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ண என்னால் முடியவில்லை.

தனிமை எதிர்பார்க்கப்படும் இடத்தைக் காணொளிக் கருவியால் கவனிக்க வேண்டுமானால் பொலிஸார் நீதிபதி ஒருவரிடம் பொது ஆணை பெறுவதற்குக் குற்றவியல் சட்டத்தில் 1993 முதல் வழி இருக்கிறது. ஆணைக்குக் காத்திருக்க இயலாத அவசரத்துக்கும் சட்டத்தில் தனி இடம் உண்டு. காணாமற்போன முதியவரைத் தேடுவது அத்தகைய அவசரம். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அவசரம் எதற்காக வந்ததோ அதற்கு மட்டுமே அது பொருந்தும். ஒருமுறை தேடுதலின் நடுவே, திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர், வேறொரு விடயத்தில் தாம் கவனித்துவரும் வீடு அருகில்தான் இருக்கிறது என்றும், போகிற வழியில் அதன் பின்புறத்தைக் காட்ட முடியுமா என்றும் கேட்டார். இந்தப் பறப்பு தேடுதலுக்கானது, அதற்கு வேறு அனுமதி வேண்டும் என்று சொன்னேன். அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். அவர் தீய நோக்கத்துடன் கேட்டதாக நான் எண்ணவில்லை. கமரா ஏற்கனவே மேலே இருக்கிறது, ஆகவே பார்த்துவிடலாம் என்ற எண்ணம் எவருக்கும் இயல்பாக வரும். அதனால்தான் தேடும் இடத்தை அடையும் வரை பதிவை நிறுத்தி, கமராவை வானவிளிம்பை நோக்கி உயர்த்தி வைத்திருக்கும் வழக்கத்தை நாங்கள் விதியாக்கிக்கொண்டோம்.

அமெரிக்காவில் பொலிஸ், தீயணைப்பு அமைப்புகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. வணிக ட்ரோன்களுக்கான பொது விதிகளின் கீழ் பறக்கலாம், அல்லது அரசு விமானம் என்ற தகுதியில் அந்த நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ தரும் சான்றுரிமை பெற்றுப் பறக்கலாம். இரண்டாவது வழியில் ட்ரோன் செய்யும் வேலை சட்டம் கூறும் அரசுப் பணியாக இருக்க வேண்டும். தீயணைப்பும் தேடி மீட்பதும் சட்ட அமலாக்கமும் அதில் அடங்கும். அதே ட்ரோனை நகரத் திருவிழாவைப் படமெடுக்க அனுப்பினால் அந்தத் தகுதி பொருந்தாது.

இந்தியாவில் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள், தரைப்படை, கடற்படை, விமானப்படையின் ட்ரோன்களுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. அந்த வரியில் பொலிஸ் இல்லை. ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பு வலயமாக அறிவிக்கும் அதிகாரம் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்குத் தரப்பட்டிருக்கிறது, அதுவும் ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேற்படாமல். சென்னைக் காவல்துறை 2023இல் அடையாறில் தனி ட்ரோன் பிரிவு தொடங்கியபோது, அங்கே ட்ரோன் பயிற்சி எடுத்துவந்த நண்பர் ஒருவருடன் இது பற்றி நீண்ட நேரம் பேசினேன். நாடுகள் வேறானாலும் எங்கள் இருவருக்கும் இருந்த கவலை ஒன்றே: கருவி வாங்கும் வேகத்தில் அனுமதி முறைகளும் பழக்கப்படுகின்றனவா என்பது.

அந்த 22 நிமிடங்களைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைக் குறைக்கும் வேலை அழைப்பு வருவதற்கு முன்பே நடக்க வேண்டியது. எங்கள் பகுதியில் அடிக்கடி தேடுதல் நடக்கும் ஓடைப்பள்ளங்களின் வரைபடத்தில் எது எந்த வலயத்துக்குள் இருக்கிறது, எங்கே எவ்வளவு உயரம் வரை நாவ் கனடாவின் செயலியிலேயே உடனடி அனுமதி கிடைக்கும், எங்கே ஒருவர் பார்த்துத்தான் முடிவெடுப்பார் என்பதைக் குறித்து வைத்திருக்கிறோம். கோபுரத்தின் தொலைபேசி எண் ட்ரோன் பெட்டியின் மூடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. வானத்தைக் கவனிப்பவருக்குத் தனிப் பயிற்சி கொடுக்கிறோம். அவர் திரையைப் பார்க்கக் கூடாது, அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் கூடாது. ட்ரோன் இயக்குபவரிடம் எவரும் நேரடியாக வேண்டுகோள் வைக்க முடியாதபடி இடையில் ஒருவர் நிற்கிறார். பற்றன்வில் அறிக்கையில் படித்த பணிச்சுமையை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. 250 அடிக்கு ஏற்றச் சொல்லும் குரலும் இனி அவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அந்த மார்ச் இரவில் அனுமதி வந்ததும் ட்ரோனை ஏற்றினேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம், பற்றரி மாற்றி மாற்றி, பள்ளத்தின் இரு கரைகளையும் தேடினேன். வெப்பக் கமராவில் இரண்டு மான்கள் தெரிந்தன. முதியவரைக் கண்டது நான் அல்ல. நடந்து தேடிய குழுவைச் சேர்ந்த இரு பெண்கள், நான் தேடிய பகுதிக்கு வெளியே, ஒரு நடைபாலத்தின் கீழ் அவரை இரவு 11 மணிக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். உடல் மிகவும் குளிர்ந்திருந்தது, ஆனால் பேசினார். மகன் அம்புலன்ஸில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தின் கீழ் இருந்தவரை மேலிருந்து எந்தக் கமராவும் கண்டிருக்காது என்பதை அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவர் என்னிடம் கேட்டது அது அல்ல.

தேடுதல் அழைப்பு வந்தவுடன் கோபுரத்துக்கும் எங்களுக்கும் இடையே என்ன நடைமுறை பின்பற்றப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வகுத்துக்கொள்ளும் முயற்சியைப் பொலிஸ் சேவையின் ஊடாகத் தொடங்கியிருக்கிறோம். வரைவு சென்ற மாதம் போயிருக்கிறது. பதில் வந்ததும், அதில் எதற்கு இணங்கினார்கள், எதற்கு இணங்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.